பருத்திமாரைப் பயோசாராக்கி நிலத்தில் போட்டால் மகசூல் கூடுமா?

பருத்தி எடுத்து முடித்து, மிஞ்சி நிற்கும் செடித்தண்டான மாரை வயலிலேயே கொளுத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டு கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். கொளுத்தாதீர்கள், கரியாக்குங்கள். காற்று அதிகம் படாமல் சுட்டு, மண்ணுக்கு இடும் கரிதான் பயோசார். ஆனால் அந்தக் கரியை அப்படியே நிலத்தில் கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டினேன்.

எனக்கு அருப்புக்கோட்டைப் பக்கம். சீமைக் கருவேலத்தை அடுக்கி, மண் பூசி, நாள்கணக்கில் புகையவிடும் கரிமூட்டங்களைப் பார்த்தே வளர்ந்தவன். எனக்கா கரி சுடத் தெரியாது என்ற மமதை. மேல்வாய் நாலடி, ஆழம் மூன்றடி, அடி குறுகலாக ஒரு குழி வெட்டினேன். காய்ந்த மாரைப் போட்டு மேற்புறம் தீ வைத்தேன். சாம்பல் பூக்கத் தொடங்கியதும் அடுத்த அடுக்கு. மேலே எரிகிற தீயே கீழே காற்றுப் போகவிடாமல் பார்த்துக்கொள்ளும், புகையும் குறைவு. ஒரு காலைப் பொழுதில் வேலை முடிந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தேன். போட்ட எடையில் ஐந்தில் ஒரு பங்கு தேறியது. இடித்து, மறுநாளே மிளகாய்க்கு இட்டேன்.

பதினைந்தே நாளில் செடி வெளிறிவிட்டது. பக்கத்துக் காட்டு அண்ணாச்சி வரப்பில் நின்று, "செடிக்குக் காமாலையா தம்பி?" என்றார். இன்றும் விடவில்லை.

புதுக்கரி பசியோடு இருக்கும். மண்ணிலுள்ள தழைச்சத்தை, அதாவது நைட்ரஜனை, தன்பக்கம் இழுத்துக்கொள்ளும். போதாததற்குக் கரிசலே காரத்தன்மை உள்ள மண், கரியும் சாம்பலும் அதே தன்மை. அடுத்த வருடம் மாட்டுச் சிறுநீரில் ஊறவைத்து, மக்கிய சாணத்தோடு கலந்து, ஒரு மாதம் மூடிவைத்துப் போட்டேன். செடி வெளிறவில்லை. மகசூல் கூடியதா? அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்தது, எதைக் காரணம் சொல்வேன்? மண்ணில் ஈரம் கொஞ்சம் கூடுதலாக நின்றது, அவ்வளவுதான் என் கண்ணால் கண்டது.

நான் வேளாண்மை படித்தவன் அல்லன். அமேசான் காட்டில் பழங்கால மக்கள் கரி சேர்ந்து வளமான கருப்பு மண்ணை விட்டுப்போயிருக்கிறார்கள், அதைக் காட்டிச் சண்டைக்கு வருவார்கள், தெரியும். அங்கே கரியோடு எலும்பும் குப்பையும் பானை ஓடும் சேர்ந்தே கிடந்தன ஐயா, வெறும் கரி அல்ல.

இவ்வளவு பாடுபட்டு விளைவித்த மிளகாயைக் கொண்டுபோனால், வியாபாரி சாக்கு எடை என்று மூட்டைக்கு இரண்டு கிலோ கழிக்கிறார். வெறும் சாக்கைத் தராசில் வைத்துக் காட்டச் சொன்னேன். அன்றிலிருந்து என் சரக்குக்கு மட்டும் "ஈரம்" என்று தனிக் கழிவு. இதற்கு எந்தப் பயோசார்?

அது போகட்டும். உங்களிடம் மாடு இருக்கிறதா? அதைச் சொல்லுங்கள் முதலில்.