தபால் பை: வாசகர் கேட்டவை – டப்ளின் தெருவில் ஒன்பது மாதம்

புதுச்சேரித் தெருக்களில் 31 வருடம் தபால் கொடுத்தவன் நான். அயர்லாந்துத் தலைநகர் டப்ளினில் நர்சாக இருக்கும் மகள் வீட்டில் இரண்டு தடவையாக ஒன்பது மாதம் தங்கியதைச் சென்ற இதழில் நாலு வரி எழுதப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. பாதிக்கு மேல் குடியைப் பற்றித்தான். அவற்றுக்கெல்லாம் சேர்த்து ஒரே பதில்தான் சொல்லப்போகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கே: புதுச்சேரி லல்லி தொலாந்தால் வீதிக்குப் பெயர் தந்தவரை அயர்லாந்துக்காரர் என்று எழுதியிருந்தீர்கள். அவர் பிரெஞ்சுத் தளபதி அல்லவா? (குருசுக்குப்பம் வாசகர்)

ப: இரண்டும் உண்மை. அந்த வீதிப் பெயரை இருவர் ஒரே மாதிரி எழுதி நான் பார்த்ததில்லை. 'லாலி டாலர் தெரு' என்று வந்த மணியார்டரைக்கூடச் சரியான வாசலில் சேர்த்திருக்கிறேன். லல்லி பிறந்தது பிரான்சில், 1702-இல். தந்தை வழி அயர்லாந்தின் கால்வே பக்கம். ஆங்கிலேயரிடம் தோற்று, பிரெஞ்சுப் பட்டாளத்தில் போய்ச் சேர்ந்த ஐரிஷ் கத்தோலிக்கர் கூட்டத்தைச் சேர்ந்த குடும்பம். மகன் 1758 ஏப்ரலில் புதுச்சேரியில் வந்து இறங்கினார். ஜூன் 2-ஆம் தேதி ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினம் கோட்டை அவர் கைக்கு வந்துவிட்டது. பாரம் இழுக்க மாடு கிடைக்கவில்லை என்று சாதி, தொழில் எதையும் பாராமல் ஊர்க்காரர்களைப் பிடித்து இழுக்க வைத்த மனிதர். நம்மவர்கள் மனதில் அவருக்கு இடம் இல்லாமல் போனதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

வேடிக்கை இனிமேல்தான். 1760 ஜனவரி 22-இல் வந்தவாசியில் அவரைத் தோற்கடித்த ஆங்கிலத் தளபதி அயர் கூட், அயர்லாந்தின் லிமெரிக் பகுதியில் பிறந்தவர். இரண்டு ஐரிஷ் குடும்பத்துப் பிள்ளைகள், இரண்டு அந்நியக் கொடிகள், வெடித்தது நம் நெல் வயலில். மறு வருடம் ஜனவரியில் புதுச்சேரி வீழ்ந்தது, ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லல்லியைப் பாரிசில் விசாரித்து 1766 மே 9-இல் தலையை வெட்டினார்கள்.

மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டு மூதாட்டி கால்வேக்காரர். "உங்கள் ஊர் வம்சத்து ஒருவர் எங்கள் ஊரில் ஆட்சி செய்தார்" என்றேன். "என்ன ஆனார்?" என்று கேட்டார். "தோற்றுப்போனார், தலையும் போயிற்று" என்றேன். "அப்படியானால் சந்தேகமே இல்லை, எங்கள் ஊர்க்காரர்தான்" என்றார் அந்த அம்மாள்.

கே: நீங்கள் இருந்த தெரு எப்படிப்பட்டது? (நெல்லிக்குப்பம் வாசகி)

ப: பேட்டையின் பெயர் ஸ்டோனிபேட்டர். பெயரில் உள்ள 'பேட்டர்' ஐரிஷ் மொழியில் சாலையைக் குறிக்கும் 'போஹர்' என்ற சொல்லின் திரிபு. கல் பாவிய சாலை என்று பொருள். சிவப்புச் செங்கல் வீடுகள், ஒன்றின் சுவர் அடுத்ததற்கும் சுவர், வாசல் திறந்தால் நடைபாதை. தொழிலாளிகளுக்காக ஒரு கம்பெனி கட்டிய குடியிருப்பு. தெருக்களுக்கு, வட ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகளின் மன்னர்கள், தெய்வங்களின் பெயர்கள்: சிட்ரிக், ஓலாஃப், ஐவர், தோர். கொள்ளையடிக்க வந்தவன் பெயரைத் தெருவுக்கு வைத்துக்கொள்வதில் நாமும் அவர்களும் ஒரே ரகம். தெருப்பலகையில் ஐரிஷ் மேலே, ஆங்கிலம் கீழே. நம் ஊர்ப் பலகையில் பிரெஞ்சும் தமிழும் இருப்பதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

கே: அங்கே பப் இல்லாமல் பழக்கவழக்கமே இல்லையாமே? குடிக்காத எங்கள் மகன் யாரோடு பழகுவான்? (லாஸ்பேட்டை, மஞ்சக்குப்பம், வில்லியனூர் மற்றும் பலர்)

ப: நானும் குடிப்பதில்லை. எலுமிச்சைச் சாற்றில் சோடா வாங்கிக்கொண்டு ஒரு மூலையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் என்னை ஏற இறங்கப் பார்க்கவில்லை. மகனிடம் இதைச் சொல்லுங்கள், போதும்.

அந்த மூலையைப் பற்றி மட்டும் இன்னும் கொஞ்சம். பப்பில் கூடி உட்கார்ந்து பாட்டு வாசிப்பதை 'செஷன்' என்கிறார்கள். மேடை கிடையாது, மைக் கிடையாது. ஒரு மேசையைச் சுற்றி வயலின்காரர், குழல்காரர், கக்கத்தில் துருத்தியை அமுக்கி வாசிக்கும் இலியன் பைப்காரர், ஆட்டுத்தோல் போர்த்திய 'பௌரான்' என்ற தட்டையான தோல்கருவி அடிப்பவர். முகம் கூட்டத்துக்கு அல்ல, ஒருவருக்கொருவர். நம் பஜனை மடம்தான். கேட்பவர் இருந்தால் இருக்கட்டும், இல்லாவிட்டால் சாமி இருக்கிறார். வாசிப்பவர் நாற்காலியில் போய் உட்கார்ந்துவிடக் கூடாது. நான் உட்கார்ந்தேன், ஒரு சிறுமி வந்து தோளைத் தட்டி எழுப்பினாள். பக்கத்துப் பேட்டையான ஸ்மித்ஃபீல்டில் 'கோபிள்ஸ்டோன்' என்ற பப் இதற்குப் பேர்போனது. 2021-இல் அதைச் சுற்றி ஓட்டல் கட்டத் திட்டம் வந்தபோது ஊர் திரண்டு ஊர்வலம் போயிற்று. மாநகராட்சி அனுமதி மறுத்தது.

கே: பக்கத்து வீட்டில் சாவு என்றால் அழைக்காமல் போகலாமா? என் மருமகள் போகலாம் என்கிறாள், மகன் கூடாது என்கிறான். (கடலூர் முதுநகர் வாசகி)

ப: மருமகள் சொல்வதைக் கேளுங்கள் அம்மா. அழைப்பு என்பதே அங்கே கிடையாது. சாவுச் செய்தி உள்ளூர் வானொலியில் வாசிக்கப்படுகிறது. அதற்கென்றே ஓர் இணையதளமும் இருக்கிறது. காலையில் காப்பியோடு அதைப் படிக்கிறவர்களை நான் பார்த்தேன். இரண்டு மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும், அதற்குள் தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர், எல்லாரும் போய்விடுகிறார்கள்.

நான் போன கதையைச் சொல்கிறேன். தெருக்கோடியில் ஓய்வுபெற்ற பஸ் ஓட்டுநர் ஒருவர் காலமானார். எனக்கு அவரோடு பழக்கம் தலையசைப்பு மட்டும். அடுத்த வீட்டு அம்மாள் கதவைத் தட்டி, "கோட்டைப் போடுங்கள்" என்றார். வரவேற்பறையில் பெட்டி திறந்திருக்கிறது, அவர் டை கட்டிப் படுத்திருக்கிறார். வரிசையில் போக வேண்டும். வீட்டார் ஒவ்வொருவர் கையையும் பிடித்து, 'சாரி ஃபார் யுவர் டிரபிள்' என்று சொல்ல வேண்டும். நான்கே சொல்; எல்லாரும் அதையே சொல்கிறார்கள். துக்கம் கேட்கப் போனால் என்ன பேசுவது என்று விழிக்கிற எனக்கு அந்த நான்கு சொல் பெரிய உபகாரமாக இருந்தது.

சமையலறைக்குப் போனால் தேநீர், முட்டை வைத்த ரொட்டி, கேக். இங்கேதான் சிக்கினேன். பிணம் கிடக்கிற வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடாத வளர்ப்பு என்னுடையது. வேண்டாம் என்றேன். மறுபடி நீட்டினார்கள். வேண்டாம் என்றேன். மூன்றாம் தடவை அந்த வீட்டு மகளே, கண் சிவந்திருக்க, இரண்டு கையாலும் கோப்பையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். வாங்கிக் குடித்துவிட்டேன். ஒரு சாவுக்கு வந்தவனின் பசியைப் பார்க்கிற பொறுப்பில் அந்தப் பெண் தன் அழுகையைக் கொஞ்ச நேரம் தள்ளிவைத்திருந்தாள். அதைத் தட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

வீடு திரும்பித் தலைமுழுக வேண்டுமே! அங்கே குளியல் வெந்நீருக்கு 'இமர்ஷன்' என்று ஒரு சுவிட்ச். ஒரு முனையில் 'சிங்க்' (கை கழுவும் தொட்டி), இன்னொரு முனையில் 'குளியல்' என்று எழுதியிருக்கும். அதை அணைக்க மறந்தால் குடும்பத்தில் பெரிய குற்றம். போடத் தெரியாமல் பிப்ரவரித் தண்ணீரில் அப்படியே தலைமுழுகினேன். அன்றிரவு போடத் தெரிந்துகொண்டேன், அணைக்க மறந்தேன். மகள் இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள்.

ஒரு மாதம் கழித்து 'மந்த்ஸ் மைண்ட்' என்று மாதத் திருப்பலி. அதை ஒட்டி ஒரு நினைவு அட்டை கொடுத்தார்கள். அவர் புகைப்படம், பிறந்த நாள், இறந்த நாள், ஒரு ஜெபம். அதைப் பர்சிலும் ஜெபப் புத்தகத்திலும் வருடக்கணக்கில் வைத்திருப்பார்கள். கருமாதிக் கார்டு கொடுத்தவன் நான். நம் வீடுகளில் அதைப் படித்ததும் வாசலிலேயே கிழித்துப் போட்டுவிடுவார்கள், உள்ளே எடுத்துப் போவதில்லை. அட்டையோடு புதுச்சேரிக்கு வந்தேன். "அது நிலைப்படி தாண்டக் கூடாது" என்றாள் மனைவி. என் பழைய காக்கிப் பை திண்ணைக் கொக்கியில் தொங்குகிறது. பஸ் ஓட்டுநர் அதற்குள் இருக்கிறார்.

கே: அயர்லாந்துத் தபால் எப்படி? (பாகூர், நண்பர் ஒருவர், இவரும் முன்னாள் தபால்காரர்)

ப: நீ கேட்காவிட்டால் யார் கேட்பார்கள். தபால் பெட்டிகள் பச்சை நிறம். ஆங்கிலேயர் காலத்தில் சிவப்பு. 1922-க்குப் பிறகு மேலே பச்சை பூசிவிட்டார்கள், பெட்டியை மாற்றவில்லை. விரலால் தடவிப் பார்த்தால் பச்சைக்கு அடியில் விக்டோரியா ராணியின் முத்திரை எழுத்து தட்டுப்படும். சுதந்திரத்தை இவ்வளவு சிக்கனமாக வாங்கிய நாட்டை நான் பார்த்ததில்லை. தலைமைத் தபால் நிலையம் 1818-இல் திறந்த கட்டடம். 1916 ஏப்ரல் 24-இல் கிளர்ச்சிக்காரர்கள் அதைத்தான் பிடித்து, வாசலில் நின்று குடியரசுப் பிரகடனம் வாசித்தார்கள். எந்த நாட்டுப் புரட்சி தபாலாபீசில் தொடங்கியது சொல்! உள்ளே போய் ஸ்டாம்பு வாங்கினேன், வேறு என்ன செய்வது.

நமக்கு 1972-இல் பின்கோடு வந்தது. அவர்களுக்கு நாடு முழுவதற்குமான அஞ்சல் குறியீடு 2015-இல்தான். டப்ளினில் முன்பே வட்ட எண் இருந்தது. கிராமத்தில் பல வீடுகளுக்குக் கதவெண்ணே கிடையாது. ஆள் பெயர், குக்கிராமத்தின் பெயர், அவ்வளவுதான். ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால் அந்த நாலில் யார் என்பது தபால்காரரின் தலைக்குள் இருந்தது.

கே: மார்ச் 17 புனித பேட்ரிக் நாளன்று என்ன செய்கிறார்கள்? (அரியாங்குப்பம் மாணவி)

ப: சட்டையில் மூவிலைக் குருத்தைக் குத்திக்கொள்கிறார்கள், டப்ளினில் பெரிய அணிவகுப்பு, அது டிவிக்காரர்களுக்கு. சின்ன ஊர்களில் டிராக்டர், தீயணைப்பு வண்டி, பள்ளிக்கூட பேண்டு போகும். பிள்ளை போகிற பக்கமெல்லாம் தாய்மார் கூடவே நடைபாதையில் ஓடுவார்கள். அது அசல். பேட்ரிக் பாம்புகளை விரட்டினார் என்பது கதை. பனியுகத்துக்குப் பிறகு அந்தத் தீவில் பாம்பே இல்லை.

கே: ஹர்லிங் என்றால் ஹாக்கியா? (திருப்பாதிரிப்புலியூர் உடற்பயிற்சி ஆசிரியர்)

ப: ஐயா, அதை அங்கே போய்ச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்துக்கு 15 பேர், 'ஆஷ்' என்ற மரத்தில் செய்த மட்டை, தோல் பந்து. பந்து தலைக்கு மேலே பறக்கும், அதை மட்டையால் அடிப்பார்கள். 2010 முதல் தலைக்கவசம் கட்டாயம். இதையும் 'கேலிக்' (Gaelic) என்ற அயர்லாந்துக் கால்பந்தையும் நடத்துகிற சங்கம் 1884-இல் தொடங்கியது. இறுதிப் போட்டிக்கு 82,000 பேர் கூடுகிறார்கள், ஆடுகிறவர்களுக்குச் சம்பளம் கிடையாது. ஞாயிறு ஆட்டக்காரர் திங்கட்கிழமை வகுப்பில் கணக்குப் பாடம் எடுப்பார். பெரும்பாலும் பிறந்த ஊருக்குத்தான் ஆடுவார்கள், ஏலத்தில் ஆள் வாங்குவதெல்லாம் இல்லை. நான் பார்த்த பஸ் ஓட்டுநர் இளம் வயதில் கிளப்பில் ஆடியவராம்; சவ ஊர்வலத்தில் கிளப் சீருடை போட்ட பையன்கள் இருபுறமும் வரிசையாக நின்றார்கள்.

கே: நம்மவர்களை அடிக்கிறார்கள் என்று செய்தி வந்ததே! நீங்கள் புகழ்ந்து தள்ளுகிறீர்கள். (முத்தியால்பேட்டை வாசகர்)

ப: செய்தி பொய்யில்லை. 2025 ஜூலையில் டப்ளினின் டாலா பகுதியில் ஓர் இந்தியரை அடித்து உதைத்தார்கள். மேலும் தாக்குதல்கள் வந்தன. நம் தூதரகம் எச்சரிக்கை வெளியிட்டது. ஆகஸ்டில் ஃபீனிக்ஸ் பூங்காவில் நடக்கவிருந்த இந்திய தின விழாவைத் தள்ளிவைத்தார்கள். அந்த மாதம் நான் இங்கே இருந்தேன். இரவுப் பணி முடிந்து மகள் வீடு சேர்ந்துவிட்டேன் என்று சொல்லும்வரை உறக்கம் இல்லை. டாலா மக்களே திரண்டு கண்டனக் கூட்டம் நடத்தியதையும் சேர்த்துச் சொல்கிறேன். அடித்தவர்களும் அந்த ஊர்தான், கூடியவர்களும் அந்த ஊர்தான். கோப்பை நீட்டிய பெண்ணை நான் பார்த்தேன், அதை எழுதினேன். அடித்தவனைப் பார்த்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

கே: அண்டை வீட்டாருக்குக் கொடுக்க இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம்? (மஞ்சக்குப்பம் வாசகி)

ப: பால்கோவா வேண்டாம்; பால், இறைச்சிப் பண்டம் எதையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விடமாட்டார்கள். வறுத்த பண்ருட்டி முந்திரி நல்லது. கால் கிலோ பொட்டலமாகக் கட்டுங்கள். நான் ஒரே பையாகக் கொண்டுபோய், சாவு வீட்டுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சவில்லை.