ரீபாண்டிங்கால் உடைந்த சுருட்டை முடியை மொட்டை அடிக்காமல் மீட்க முடியுமா?

இரண்டு முறை ரீபாண்டிங் செய்த, அதாவது மருந்தாலும் சூட்டாலும் நேராக்கிய, முடி காதளவில் ஒடிந்து விழுகிறது, வேரிலிருந்து மறுபடியும் சுருள் கிளம்புகிறது, பேசாமல் மொட்டை அடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மொட்டை அடிக்கத் தேவையில்லை. ரங்கூனில் பிறந்து வளர்ந்த எனக்கும் ஏறத்தாழ இதே கதிதான் நேர்ந்தது. மீண்டுவர ஒன்றரை ஆண்டு ஆயிற்று.

நீளமாக, நேராக, இடுப்புக்குக் கீழே தொங்கும் கருங்கூந்தலையே அழகென்று கொண்டாடும் ஊர் இது. பள்ளியில் என் வகுப்பில் சுருட்டைத் தலை எனக்கு மட்டுமே இருந்தது. பர்மியத் தோழிகள் அன்போடுதான் என் சடையைத் தொட்டுப் பார்ப்பார்கள் என்றாலும், அந்த அன்பே கூச்சமாக இருக்கும். திருமணத்திற்கு முன்னால் ஓர் அழகு நிலையத்தில் முடியை நேராக்கிக்கொண்டேன். ஆறு மாதம் கழித்து வேர்ப்பகுதியில் மட்டும் மருந்து தடவச் சென்றபோது, ஏற்கெனவே நேராக்கப்பட்ட முடியின் மீதும் நுனி வரை தடவி, மறுபடியும் சூடான இஸ்திரியால் இழுத்தார்கள். அடுத்த மழைக்காலத்தில் முடி ஒடியத் தொடங்கியது.

முதலில் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். விழுந்த முடியின் ஒரு முனையில் வெண்ணிறச் சிறு குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழே இல்லாமல், நீளம் பலவாறாகக் கிடந்தால் அது ஒடிந்த முடி. நான் எழுதுவது ஒடிந்த முடியைப் பற்றி மட்டுமே. குமிழோடு கொத்தாக உதிர்ந்தாலோ, தலையில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ தோல் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும். இரத்தச்சோகையும் தைராய்டு கோளாறும் முடியைக் கொத்தாக உதிர்க்கக்கூடும்.

முடியின் புரத இழைகளைக் கந்தகப் பிணைப்புகள் கட்டி வைத்திருக்கின்றன. ரீபாண்டிங் மருந்து அவற்றை அறுக்கிறது, சூடு முடியை நேராக நிறுத்துகிறது, இரண்டாவது மருந்து அந்த நிலையிலேயே பிணைப்புகளை மீண்டும் சேர்க்கிறது. அறுந்தவை எல்லாம் திரும்பச் சேர்வதில்லை. தலைக்கு வெளியே வந்துவிட்ட முடி உயிரற்றது என்பதால், உள்ளிருந்து எதுவும் போய் அதைச் செப்பனிடவும் முடியாது. முடியை உயிர்ப்பிப்பதாகச் சொல்லும் புட்டிகள் அதன்மேல் ஒரு மெழுக்கைப் பூசுவதற்கு மேல் அதிகம் செய்வதில்லை. சுருட்டை முடியோ இயல்பிலேயே ஒவ்வொரு வளைவிலும் சற்று நலிந்தது, தலையில் சுரக்கும் எண்ணெயும் சுருள்களைத் தாண்டி நுனி வரை எளிதில் இறங்காது. ஆகவே, மேலே புதிதாக வளரும் சுருளும் கீழே மருந்தால் நலிந்த நேர்முடியும் சந்திக்கும் இடம்தான் முதலில் ஒடிகிறது. உங்களுக்குக் காதளவில் ஒடிவதற்குக் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த இடத்தில் இழுவை விழாமல் பார்த்துக்கொள்வதுதான் ஒன்றரை ஆண்டும் என் முழு வேலையாக இருந்தது. உலர்ந்த சுருட்டையில் சீப்பு போடுவதை அடியோடு நிறுத்தினேன். ஈரமுடி இழுபட்டு நீளும், எளிதில் அறும் என்பதால் வெறும் தண்ணீரில் நனைத்துச் சீவுவதும் தவறு. வழுவழுப்பான ஏதோ ஒன்று முடிமேல் இருக்கும்போது மட்டும், முதலில் விரலாலும் பிறகு அகலப்பல் சீப்பாலும், நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போய்ச் சிக்கெடுத்தேன். சந்திப்புக்குச் சற்றுக் கீழே இரண்டு விரலால் முடியைப் பிடித்துக்கொண்டால் இழுப்பு அங்கே எட்டாது. தொடக்கத்தில் இதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது.

அந்த வழுவழுப்பை எனக்குக் கொடுத்தது, நான் சிறுவயதிலிருந்து பார்த்தும் பொருட்படுத்தாத ஒரு பொருள். பர்மியர்கள் தலைகுளிக்கத் தயோ என்னும் செடியின் பட்டையையும் கின்பூன் காயையும் சேர்த்துக் காய்ச்சுவார்கள். திங்கியான் தண்ணீர்த் திருவிழா முடிந்து வரும் புத்தாண்டு நாளில் முதியவர்களுக்குத் தலைகழுவி விடுவதும் இதைக் கொண்டுதான். கின்பூன் என்பது வேறொன்றுமில்லை, நம் சீயக்காயேதான். என் அப்பத்தா சீயக்காயோடு செம்பருத்தி இலையைக் கசக்கிச் சேர்ப்பார். அந்த இலை செய்யும் வேலையை இங்கே தயோப் பட்டை செய்கிறது, இன்னும் தாராளமாக. வெறும் சீயக்காயில் என் முடி நாராகிவிடும், பட்டையின் கொழகொழப்பு சேர்ந்தால் சிக்கு தானாக வழுக்கிக்கொண்டு பிரியும். ரங்கூனின் தெயின்ஜி சந்தையில் பட்டை கிடைக்கிறது. இரவில் ஊறவைத்து, காலையில் கின்பூனோடு கொதிக்கவிட்டு, துணியில் நன்றாக வடிகட்ட வேண்டும். துணுக்குகள் தங்கினால் சுருளுக்குள் புகுந்து உயிரை வாங்கும். விரைவில் கெட்டுப்போவதால் ஒரு நாளைக்கு வேண்டியதை மட்டும் காய்ச்சுவேன். பட்டை கிடைக்காத ஊரில் இருந்தால், செம்பருத்தி இலையோ ஆளிவிதைக் கஞ்சியோ போதும். கடைக் கண்டிஷனரும் தாழ்வில்லை.

தேங்காய் எண்ணெயைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். குளித்த பிறகு தடவுவதைவிட, குளிப்பதற்கு முந்தைய இரவில் கொஞ்சமாகத் தடவுவது நல்லது. 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் தேங்காய், சூரியகாந்தி, கனிம எண்ணெய் மூன்றையும் ஒப்பிட்டபோது, முடியிலிருந்து புரதம் வெளியேறுவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அது முடித்தண்டுக்குள் இறங்கக்கூடியது. ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் இந்த ஊரில் எனக்கு இன்னொரு பாடமும் கிடைத்தது: மழைமாதங்களில் கிளிசரின் அதிகமுள்ள கிரீம்கள் காற்றின் ஈரத்தை இழுத்து முடியை உப்பவைத்துவிடும். ஜூன் முதல் அக்டோபர் வரை அவற்றைத் தொடமாட்டேன். துவட்டுவதற்குத் துண்டு வேண்டாம், பலமுறை துவைத்து நைந்த பருத்தி லுங்கியால் ஒற்றி எடுங்கள். மின்வெட்டால் ஹேர் டிரையர் போட முடியாத நாட்களை முன்பு சபித்துக்கொண்டிருந்தேன், இப்போது சபிப்பதில்லை. ஈரத்தலையோடு படுக்காமல் காலையிலேயே குளித்துவிடுவது மட்டும் அவசியம். கோயிலுக்குப் போகும்போது பூவை ஊசியால் இறுக்கிக் குத்தாமல், தளர்ந்த பின்னலுக்குள் செருகிக்கொள்கிறேன்.

இனி வெட்டுவது. முடி மாதத்திற்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். சுருள் சுருங்கிக்கொள்வதால் பத்து சென்டிமீட்டர் வளர்ந்தாலும் கண்ணுக்கு ஐந்தாகத் தெரியும், மனம் தளர வேண்டாம். இரண்டு மாதத்திற்கு ஒருமுறை மூன்று சென்டிமீட்டர் நேர்முடியை வெட்டி வந்தேன். கல்யாணமான பெண் இப்படி அடிக்கடி கத்தரி வைக்கலாமா என்று அம்மா வருத்தப்பட்டார். பதினெட்டாம் மாதத்தில், மிச்சமிருந்த நேர்முடி எலிவால் போல மெலிந்துவிட்டதைப் பார்த்து, "இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்?" என்று அவரே கத்தரிக்கோலை எடுத்து வந்தார். கழுத்தளவுக்கு மேலே கொஞ்சம் நின்றது, அவ்வளவும் சுருட்டை.