சைக்கிள் பின்சக்கர ஸ்போக் (ஆரக்கம்பி) மூன்றாம் முறை முறிந்தது குறித்து

உங்கள் எடை 95 கிலோ, 20 ஸ்போக் பின்சக்கரம், செயின் இல்லாத பக்கத்திலேயே முறிகிறது என்கிறீர்கள். தடிமனான ஸ்போக் தீர்வல்ல. அந்தப் பக்க ஸ்போக்குகளின் இழுவிசை, செயின் பக்கத்தில் இருப்பதில் ஏறத்தாழ பாதிதான். சுற்றுக்குச் சுற்று தளர்ந்து இறுகி, ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) ஸ்போக் வளையும் இடத்தில் உலோகம் களைத்துவிடுகிறது. முறிந்த துண்டை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் அந்த வளைவிலேயே போயிருக்கும்.

புதுச் சக்கரம் கட்டும்போது ரிம்மும் (வெளி வளையம்) ஹப்பும் 28 ஸ்போக் துளை உள்ளவையாக இருக்கட்டும், முடிந்தால் 32. துளைகள் ஒரு பக்கமாக விலகிய ரிம் கிடைத்தால் விடாதீர்கள். முனைகளில் 2.0, நடுவில் 1.8 மி.மீ. உள்ள ஸ்போக் போடுங்கள். சற்று நீண்டு கொடுப்பதால்தான் அது உழைக்கிறது. நிப்பிள் (ஸ்போக்கை ரிம்மில் இறுக்கும் சிறு திருகு) பித்தளையே. சில கிராமுக்காக அலுமினியம் போட்டு, மழுங்கிய தலைகளோடு நான் மல்லுக்கட்டியது போதும். ஸ்போக் நீளம் கணக்கிடுமுன், ரிம்மில் நிப்பிள் அமரும் விட்டத்தை நீங்களே அளந்துவிடுங்கள்.