கரண்டு போன பிறகும் போன் எடுக்க வேண்டுமென்றால்: ஃபைபர் கேள்வி பதில்

நெல்லை, அம்பை, வள்ளியூர் பக்கம் ஃபைபர் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதும் என் வேலை. ஆடிக் காற்று தொடங்கிவிட்டால் தென்னை மட்டை விழுந்து கரண்டு போவதும், கூடவே வீட்டு போன் போவதும் வழக்கமாகிவிடுகிறது. பிள்ளைகள் வெளியூரிலும் பெற்றவர்கள் ஊரிலுமாக இருக்கும் வீடுகளிலிருந்துதான் நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. அவர்களை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன்.

பாளையங்கோட்டை, ஓய்வு பெற்ற ஆசிரியை: பழைய லேண்ட்லைன் இருந்தபோது ராத்திரி முழுக்கக் கரண்டு இல்லாவிட்டாலும் மணி அடிக்கும். அதே நம்பரை ஃபைபருக்கு மாற்றினார்கள். இப்போது கரண்டு போனதுமே போனும் போய்விடுகிறது. இணைப்பில் கோளாறா?

கோளாறு இல்லை டீச்சர். முன்பு உங்கள் வீட்டுக்கு வந்தது செம்புக் கம்பி. போனுக்கு வேண்டிய 48 வோல்ட் மின்சாரமும் எக்ஸ்சேஞ்சிலிருந்து அதே கம்பியில்தான் வந்தது. அங்கே பேட்டரியும் ஜெனரேட்டரும் இருந்ததால் தெருவே இருண்டாலும் உங்கள் போன் அடித்தது. ஃபைபர் என்பது கண்ணாடி இழை. அதில் ஒளி மட்டும்தான் வரும். அந்த ஒளியை வாங்கிப் பேச்சாக மாற்றுவது சுவரில் இருக்கும் மோடம் பெட்டி. நாங்கள் ஓஎன்டி என்போம். அது உங்கள் வீட்டுக் கரண்டில் ஓடுகிறது.

இன்னொன்று, உங்களிடம் இருப்பது கார்ட்லெஸ் போன் என்றால் அதன் ஸ்டாண்டுக்கும் கரண்டு வேண்டும். வயர் வைத்த சாதாரண போனை மோடத்தில் சொருகிவிடுங்கள். வீட்டைப் பொறுத்தவரை மோடத்துக்கு மட்டும் பேக்கப் கொடுத்தால் போதும்.

வள்ளியூர்: அண்ணாச்சி, வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கு. ஃபேன் ஓடுது, லைட் எரியுது. நெட் மட்டும் போயிடுது.

மோடம் சொருகியிருக்கிற பிளக் பாயின்ட் இன்வெர்ட்டர் லைனில் இருக்காது தம்பி. பல வீடுகளில் லைட், ஃபேனுக்கு மட்டும்தான் அந்த லைனை இழுத்திருப்பார்கள். எலக்ட்ரீஷியனிடம் சொன்னால் மாற்றித் தருவார். முழுக்கப் போகாமல், அணைந்து மறுபடி எரிந்து சில நிமிடம் கழித்து நெட் வருகிறது என்றால் காரணம் வேறு. இன்வெர்ட்டர் மாறுகிற நேரம் மோடத்துக்குத் தாங்கவில்லை. இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வையுங்கள், சீக்கிரம் மாறும்.

சேரன்மகாதேவி: ரவுட்டருக்கென்றே சின்ன யூபிஎஸ் விற்கிறார்கள். எதைப் பார்த்து வாங்க வேண்டும்? எவ்வளவு நேரம் நிற்கும்?

முதலில் மோடத்தின் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். அவுட்புட் என்ற இடத்தில் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்பது போல இருக்கும். யூபிஎஸ்ஸும் அதே வோல்ட் தர வேண்டும். ஆம்பியர் அதே அளவு அல்லது கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. சில ரவுட்டர்கள் 9 வோல்ட், சில 5 வோல்ட். பின் உள்ளே போகிறது என்பதற்காக 12 வோல்ட்டைக் கொடுத்து 5 வோல்ட் ரவுட்டரை எரித்துவிடாதீர்கள்.

நேரக் கணக்கு இப்படி. பெட்டியில் 8800 எம்ஏஹெச் என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. பெருக்கினால் சுமார் 32 வாட் அவர் (watt-hour), அதாவது 32 வாட் எடுக்கும் பொருளை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. மாற்றும்போது வீணாவது போக 27 கையில் நிற்கும். உங்கள் மோடம் 8 வாட் எடுத்தால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 முதல் மதியம் 2 வரை நிறுத்தும் நாளுக்கு இது பற்றாது. அதற்கு 50 வாட் அவராவது வேண்டும். மோடம் தனி, வைஃபை ரவுட்டர் தனி என்றால் இரண்டின் வாட்டையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

லித்தியம் செல் சூடு தாங்காது. செட்டாப் பாக்ஸ் மேல் வைக்காதீர்கள், துணி போட்டு மூடாதீர்கள். உப்பிவிட்டால் உடனே கழற்றுங்கள்.

அம்பாசமுத்திரம்: போனுக்கு வைத்திருக்கிற பவர் பேங்கில் ஓட்ட முடியாதா?

5 வோல்ட்டை 12 ஆக்கித் தரும் கேபிள் கிடைக்கிறது. சின்ன மோடம் ஓடும். ஆனால் பவர் பேங்கைச் சார்ஜரில் சொருகும்போதும் எடுக்கும்போதும் பலவற்றில் ஒரு கணம் கரண்டு அறுந்து மோடம் அணைந்து எரியும். அவசரத்துக்குச் சரி, நிரந்தரமாக வேண்டாம்.

திசையன்விளை: மினி யூபிஎஸ் வாங்கி மாட்டியாச்சு. முதல் இரண்டு மணி நேரம் நன்றாக இருக்கிறது. அப்புறம் மோடம் எரிந்துகொண்டே இருக்க, நெட் போய்விடுகிறது. எல்ஓஎஸ் என்ற இடத்தில் சிவப்பு லைட். யூபிஎஸ் சரியில்லையா?

உங்கள் யூபிஎஸ் நன்றாகத்தான் வேலை செய்கிறது. அந்தச் சிவப்பு லைட், ஒளி வந்து சேரவில்லை என்று சொல்கிறது. வழியில் ஃபைபர் அறுந்திருந்தாலும் அது எரியும். கரண்டு போய்ச் சரியாக இரண்டு மணி நேரம் கழித்து, ஒவ்வொரு தடவையும், தெரு முழுக்க எரிகிறது என்றால் அந்தப் பக்கம் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று அர்த்தம்.

ஃபைபருக்கு இரண்டு முனை. ஒன்று உங்கள் மோடம். மற்றது எக்ஸ்சேஞ்சிலோ கேபிள் ஆபரேட்டர் அறையிலோ இருந்து ஒளியை அனுப்பும் ஓஎல்டி பெட்டி. அதுவும் கரண்டில்தான் ஓடுகிறது. நடுவே ஒரு இழையை 32 வீடு, 64 வீடு என்று பிரிக்கிற ஸ்ப்ளிட்டருக்குக் கரண்டே வேண்டாம். ஆக, நீங்கள் காசு போட்டுக் காப்பாற்றுவது ஒரு முனையை மட்டும்தான். இணைப்பு வாங்கும்போது எல்லாரும் ஸ்பீடு எவ்வளவு என்று கேட்கிறார்கள். ஓஎல்டி எங்கே இருக்கிறது, அங்கே பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், ஜெனரேட்டர் உண்டா என்று கேளுங்கள். தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் ஆபரேட்டர் ஒரு பேட்டரி கூடுதலாகப் போடுவார். தனி வீட்டு யூபிஎஸ்ஸைவிட அது பெரிய உதவி.

ஏர்வாடி, இப்போது சென்னையில்: அப்பாவும் அம்மாவும் ஊரில் தனியாக இருக்கிறார்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவர்களோடு பேச முடியாமல் தவித்துப்போனேன். ஃபைபர் போட்டு பேக்கப்பும் வைத்தால் நிம்மதியாக இருக்கலாமா?

அந்த 17, 18 தேதிகளை இந்தப் பக்கம் யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. பல ஊர்களில் கரண்டும் செல்போனும் சேர்ந்தே போயின. அப்படிப்பட்ட நாளுக்கு ஃபைபரை மட்டும் நம்பாதீர்கள். போஸ்ட் சாய்ந்தால் அதில் கட்டிய ஃபைபரும் அறும். இரண்டாவது வழி ஒன்று கட்டாயம் வேண்டும்.

வீட்டில் இரண்டு கம்பெனி சிம் வையுங்கள். அதிலும் ஒரு சிக்கல் உண்டு. பல இடங்களில் இரண்டு கம்பெனியும் ஒரே டவரில்தான் இருக்கும், அந்த டவர் பேட்டரி தீர்ந்தால் இரண்டும் போகும். இதைத் தெரிந்துகொள்ள நல்ல நாள் மாதாந்திரப் பராமரிப்பு நாள்தான். மதியம் 1 மணிக்கு, கரண்டு போய் நாலு மணி நேரம் ஆன பிறகு, இரண்டு சிம்மிலிருந்தும் உங்களுக்குப் பேசச் சொல்லுங்கள். எது நிற்கிறது என்று அன்றைக்கே தெரிந்துவிடும்.

பேசும் நேரத்தையும் முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். காலை 7, மாலை 6 என்று வைத்துக்கொண்டு, நடுவில் போனை அணைத்து வைத்தால் சார்ஜ் நாள்கணக்கில் வரும். கால் போகாவிட்டால் எஸ்எம்எஸ் அனுப்பச் சொல்லுங்கள். அரைகுறைச் சிக்னலிலும் அது போய்ச் சேர வாய்ப்பு அதிகம். சொந்தக் கம்பெனிக்குச் சிக்னல் இல்லாமல் வேறு கம்பெனிக்கு இருந்தால் 112 அவசர எண் அதன் வழியாகப் போகும். அப்பா அம்மாவிடம் இதைச் சொல்லி வையுங்கள். பக்கத்து வீட்டு நம்பர் ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

களக்காடு: மலையடிவாரம், வீட்டுக்குள் சிக்னலே வராது. ஃபைபர் மட்டும்தான்.

அப்படியென்றால் போன் செட்டிங்கில் வைஃபை காலிங்கை இன்றைக்கே ஆன் செய்யுங்கள். போனும் சிம் கம்பெனியும் அதை ஆதரிக்க வேண்டும். சாதாரண நம்பரில் வரும் காலே ஃபைபர் வழியாக வரும். மோடத்துக்கும் அந்தப் பக்கம் ஓஎல்டிக்கும் பேக்கப் இருக்கும்வரை கரண்டு இல்லாதபோதும் வரும்.

பாபநாசம்: ஐப்பசி இடிக்கு மோடத்தைக் கழற்ற வேண்டுமா?

அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது, கரண்டு லைன் வழியாகத்தான் மோடம் அடிவாங்குகிறது. மினி யூபிஎஸ் இருந்தால் அதன் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பேட்டரியிலேயே ஓட்டலாம்.

முக்கூடல்: ஆச்சிக்கு ஒரு பட்டன் போன் வாங்கிக் கொடுக்கப் போகிறேன். எதுவானாலும் சரியா?

பட்டன் போன் நல்ல யோசனை, ஒரு தடவை சார்ஜ் போட்டால் நாள்கணக்கில் நிற்கும். ஆனால் ஜியோ சிம் என்றால் பழைய 2ஜி போனில் வேலை செய்யாது, 4ஜி பட்டன் போன்தான் வாங்க வேண்டும். வாங்கியதும் உங்கள் நம்பரை ஸ்பீட் டயலில் 2ஆம் பட்டனுக்குக் கொடுத்துவிட்டு, ஆச்சியையே அழுத்திப் பேசச் சொல்லிப் பழக்குங்கள்.