உண்டியலைத் தூக்கும் முன்

(வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற மருந்தியல் ஆசிரியை ஒருவரின் பதில்கள்)

போன இதழில் "கல்லூரிப் பிள்ளைகள் வெளிநாட்டு நோயாளிகளுக்காக நிதி திரட்டட்டும், கணக்கு எழுதப் பழகிவிட்டுத் திரட்டட்டும்" என்று ஒரு வரி எழுதிவிட்டேன். இத்தனை கடிதங்கள் வரும் என்று தெரிந்திருந்தால் இரண்டு வரியாக எழுதியிருப்பேன். பாதிப் பேருக்குக் கோபம், மீதிப் பேருக்கு ஆர்வம். இந்த முறை பக்கம் முழுவதும் அவர்களுக்கே.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். ஆப்பிரிக்காவில் எச்.ஐ.வி., காசநோய் மருந்துக்காக உணவுத் திருவிழா நடத்தினோம். செலவு போக 23,400 ரூபாய் நின்றது. "இதில் உலகம் மாறிவிடுமா?" என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்லட்டும், மேடம்?
– இரண்டாம் ஆண்டு மாணவர், திருச்சி

மாறாது. 23,400 ரூபாயில் உங்கள் விடுதியின் கழிப்பறைக் கதவுகூட மாறாது. அப்பாவிடம் அதை முதலில் ஒப்புக்கொண்டுவிடுங்கள். அப்புறம்தான் அவர் காது கொடுப்பார். காது கொடுத்ததும் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

2001-ஆம் ஆண்டு. தென்னாப்பிரிக்காவில் எச்.ஐ.வி. வீடு வீடாக ஆளை எடுத்துக்கொண்டிருந்த காலம். மூன்று மருந்து சேர்ந்த சிகிச்சைக்குப் பெரிய நிறுவனங்களின் விலை ஒருவருக்கு ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல். அந்தப் பிப்ரவரியில் நம் மும்பையின் சிப்ளா நிறுவனம், அதே மூன்று மருந்துக் கூட்டை 350 டாலருக்குத் தருவதாக 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பிடம் சொன்னது. மருந்து இருக்கிறது, கொடுக்க ஆள் இருக்கிறது, வாங்கவும் ஆள் இருக்கிறது. நடுவில் காப்புரிமை என்று ஒரு பூட்டு, உரிமைக்காரர் சம்மதமில்லாமல் வேறு யாரும் அந்த மருந்தைச் செய்து விற்கக்கூடாது என்று.

மூன்றில் ஒன்றான ஸ்டாவுடின் மருந்தின் பூட்டுக்குச் சாவி யாரிடம் என்று பார்த்தால், அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திடம்! இந்த மூலக்கூறை 1966-இல் டெட்ராய்ட்டில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்பவர் புற்றுநோய்க்கென்று செய்து பார்த்து, பலிக்காமல் விட்டுவிட்டார். எண்பதுகளில் யேலின் மருந்தியல் துறையில் வில்லியம் புருசாஃப், டாய்-ஷுன் லின் இருவரும் அது எச்.ஐ.வி. கிருமியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். (மருந்தியல் துறை என்பதை நான் அழுத்திச் சொல்வேன். கல்லூரி நாட்களில் எங்கள் பாடத்தைத் தூங்குவதற்கான வகுப்பு என்று கேலி செய்தவர்கள் இன்று இந்த இதழின் வாசகர்கள்.) காப்புரிமை யேலுக்குப் போனது. யேல் அதை பிரிஸ்டல்-மயர்ஸ் ஸ்குவிப் நிறுவனத்துக்குத் தனி உரிமையாகக் கொடுத்தது. 'ஜெரிட்' என்ற பெயரில் விற்ற அந்த மருந்தால் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 4 கோடி டாலர் வந்துகொண்டிருந்தது.

எல்லைகளற்ற மருத்துவர்கள் யேலுக்குக் கடிதம் எழுதினார்கள்: தென்னாப்பிரிக்காவில் மலிவு விலை ஸ்டாவுடினைக் கொண்டுவந்தால் நீங்கள் குறுக்கே நிற்பீர்களா? யேலின் பதில்: உரிமையை நிறுவனத்திடம் கொடுத்துவிட்டோம், அவர்களைக் கேளுங்கள். இந்தப் பதிலை நாம் எல்லோரும் ஏதாவது ஓர் அலுவலகத்தில் வாங்கியிருக்கிறோம், அடுத்த ஜன்னலுக்குப் போங்கள் என்று.

அப்போது அங்கே சட்டப் படிப்பில் முதலாண்டு மாணவி ஏமி கப்சின்ஸ்கி. அவரும் சகமாணவர்களும் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை. அவர்கள் செய்ததில் மாயம் எதுவும் கிடையாது. ஆராய்ச்சியாளர்களும் மாணவர்களுமாகச் சுமார் 600 பேர் ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டார்கள். விஷயம் பத்திரிகைகளுக்குப் போனது. புருசாஃபுக்கு அப்போது எண்பது வயது. அந்தப் பெரியவர், ஒன்று இலவசமாகக் கொடுங்கள், இல்லையென்றால் இந்தியாவோ பிரேசிலோ மலிவாகச் செய்துகொள்ள விடுங்கள் என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டார். கண்டுபிடித்தவரே இப்படிச் சொன்ன பிறகு பல்கலைக்கழகம் எங்கே முகத்தை வைத்துக்கொள்வது? 2001 மார்ச் 14 அன்று நிறுவனம் இறங்கி வந்தது: தென்னாப்பிரிக்காவில் காப்புரிமையைக் காட்டி யாரையும் தடுக்க மாட்டோம், எங்கள் ஸ்டாவுடினும் இனி ஒரு நாளைக்கு 15 சென்ட்தான். விலை ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்காக விழுந்தது. முதல் கடிதத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மாதம்.

எல்லாம் மாணவர்கள் சாதித்தது என்று சொன்னால் பொய்யாகிவிடும். அதே மார்ச்சில் பிரிட்டோரியா நீதிமன்றத்தில் 39 மருந்து நிறுவனங்கள் தென்னாப்பிரிக்க அரசின் மருந்துச் சட்டத்துக்கு எதிராக வழக்கு நடத்திக்கொண்டிருந்தன. அந்த நாட்டு நோயாளிகளே தெருவில் இறங்கி நின்றார்கள். ஏப்ரலில் வழக்கைத் திரும்பப் பெற்றுக்கொள்ளும் அளவுக்கு நிறுவனங்களின் பெயர் கெட்டிருந்தது. அந்தக் காற்றில்தான் மாணவர்களின் பட்டமும் ஏறியது. ஆனால் பட்டத்தைச் சரியான இடத்தில் நின்று விட்டவர்கள் அவர்கள். பிறகு அதுவே 'யூனிவர்சிட்டிஸ் அலைட் ஃபார் எசென்ஷியல் மெடிசின்ஸ்' என்ற மாணவர் அமைப்பாகப் பல நாடுகளுக்குப் பரவியது. தங்கள் ஆய்வகத்தில் பிறக்கும் மருந்து ஏழை நாடுகளுக்கும் எட்டும்படி உரிமம் எழுதுவோம் என்று கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் 2007-இல் கொள்கை வகுத்ததிலும் இந்த மாணவர்களுக்குப் பங்கு உண்டு.

இந்தக் கதையில் ஒரு தட்டு பஜ்ஜிகூட விற்கப்படவில்லை, கவனித்தீர்களா? பஜ்ஜி விற்க வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, எனக்கும் பிடிக்கும். உங்கள் பதினெட்டுப் பேரும் திருவிழாவுக்குச் செலவிட்ட மூன்று வாரத்தில் ஒரு வாரமாவது உட்கார்ந்து, எந்த மருந்து, யார் விலை, யார் கையில் சாவி என்று படித்திருக்கலாம்.

ஸ்டாவுடினைப் பிற்பாடு உலக சுகாதார நிறுவனமே கைவிடச் சொன்னதே! கெட்ட மருந்துக்காகவா அந்த மாணவர்கள் போராடினார்கள்?
– மருந்தாளுநர், கோவை

உங்களைப் போன்றவர்கள் என் வகுப்பில் இருந்திருக்க வேண்டும். ஆமாம், 2009 நவம்பரில் நாடுகள் ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று அந்த நிறுவனம் அறிவுறுத்தியது. காரணம் அதன் நீண்டகாலப் பக்கவிளைவுகள். முகத்துக் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிவிடும். தெருவில் பார்ப்பவருக்கே நோய் தெரிந்துவிடும். நரம்பு பாதிக்கப்பட்டுப் பாதம் எரியும். வெளிநோயாளர் பிரிவில் ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டு, வெறும் சிமென்ட் தரையில் பாதத்தை மாறி மாறி அழுத்திக்கொண்டு வரிசையில் நின்றார். ஏன் என்று கேட்டேன். "தரை குளிர்ச்சியாக இருக்கிறது, அம்மா" என்றார்.

நம் நாட்டில் 2004 ஏப்ரல் 1 அன்று அரசு இலவசக் கூட்டு மருந்துச் சிகிச்சையைத் தொடங்கியபோது, தாம்பரம் மருத்துவமனையும் அதில் ஒரு மையம். பலருக்கு முதலில் கிடைத்த கூட்டில் ஸ்டாவுடினும் இருந்தது. அதை விழுங்கியவர்கள் பிழைத்தார்கள். பிழைத்ததால்தான் பாதம் எரிகிறது என்று புகார் சொல்ல ஆள் இருந்தது. பிறகு டெனோஃபோவிர் போன்ற நல்ல மருந்துகள் கைக்கெட்டும் விலைக்கு வந்தன, மாறினார்கள். அந்த மாறுதல் இன்னும் சீக்கிரம் வந்திருக்க வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை.

என் மகள் பதினொன்றாம் வகுப்பு. ஏதோ உலகக் குழந்தைகள் நலம் என்று கையில் உண்டியலோடு வீடு வீடாகப் போகிறாள். அக்கம் பக்கத்தார் முன் கூச்சமாக இருக்கிறது.
– இல்லத்தரசி, நெல்லை

உங்களுக்குக் கூச்சம், அவளுக்கு இல்லை. அவள் பங்கு சரியாகத்தான் இருக்கிறது. 1950-இல் பிலடெல்பியாவில் கிளைட் ஆலிசன் என்ற பாதிரியாரும் அவர் மனைவி மேரி எம்மாவும், ஹாலோவீன் இரவில் மிட்டாய் கேட்டு வீடு வீடாகப் போகும் பிள்ளைகளிடம் பால் அட்டைப்பெட்டியைக் கொடுத்து, இதிலும் காசு கேளுங்கள் என்று அனுப்பினார்கள். யூனிசெஃபுக்காக முதல் முறை சேர்ந்தது 17 டாலர். பிறகு அது அமெரிக்கா முழுவதும் ஆண்டுதோறும் நடக்கும் வழக்கமாகிவிட்டது.

இரண்டே நிபந்தனைகள். தனியாகப் போகக்கூடாது. உண்டியலை ஆசிரியர் ஒருவர் முன்னிலையில் உடைத்து, எண்ணி, ரசீது வாங்க வேண்டும். சண்டை பெரும்பாலும் எண்ணாத காசில்தான் பிறக்கிறது.

பணத்துக்குப் பதில் மாத்திரைகளாகவே சேகரித்துப் பேரிடர் நடந்த நாடுகளுக்கு அனுப்பலாமா? வீடுகளில் நிறைய மீதம் கிடக்கிறதே!
– பொறியியல் மாணவி, புதுச்சேரி

வேண்டவே வேண்டாம் அம்மா. அந்தத் தவற்றைச் செய்தவள் சொல்கிறேன்.

1977 நவம்பர் 19 அன்று ஆந்திரக் கடற்கரையை, திவிசீமைப் பகுதியைப் புயல் வாரிக்கொண்டு போனது. நான் அப்போது மாணவி. எங்கள் விடுதிப் பெண்கள் டாக்டர் வீடுகளில் எல்லாம் ஏறி இறங்கி, கம்பெனிக்காரர்கள் கொடுத்த இலவச மாதிரிகளை வாங்கி வந்தோம். விடுதி வராந்தாவில் பாய் விரித்துக் கொட்டி, இரண்டு இரவு பிரித்தோம். பிரித்தோம் என்றால் நிறவாரியாக! சிவப்பு டானிக் ஒரு பெட்டி, மஞ்சள் மாத்திரை ஒரு பெட்டி. பதினோரு அட்டைப்பெட்டிகள் ரயிலேறின. எங்களுக்கு ஒரே பெருமை.

மூன்று வாரம் கழித்து முகாம் மருத்துவர் ஒருவரிடமிருந்து அஞ்சலட்டை வந்தது. நன்றி என்று ஒரு சொல். அதன் கீழே: எங்களுக்குத் தேவை குளோரின், சலைன், டெட்டனஸ் ஊசி, வந்திருப்பது பசி எடுப்பதற்கான டானிக். பசி எடுப்பதற்கு! சோறில்லாமல் கிடந்த மனிதர்களுக்கு! அதைப் பிரித்து அடுக்க அவர் தம் ஆட்களில் இருவரை ஒரு நாள் முழுவதும் ஒதுக்கியிருக்கிறார். அந்த அட்டையை வார்டன் உணவுக்கூடத்தில் ஒட்டி வைத்தார். ஒரு மாதம் அதைப் பார்த்துக்கொண்டேதான் சாப்பிட்டோம்.

பெரியவர்களும் இதில் பாடம் கற்றதாகத் தெரியவில்லை. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் ஆச்சே பகுதிக்கு வந்து குவிந்த நன்கொடை மருந்து சுமார் 4,000 டன். பாதிக்கு மேல் அந்த நாட்டின் மருந்துப் பட்டியலிலேயே இல்லாதவை, பலவற்றில் அங்குள்ளவர்கள் படிக்க முடியாத மொழியில் சீட்டு. உலக சுகாதார நிறுவனம் 1996-லேயே நெறிமுறை வெளியிட்டிருந்தது: நோயாளிகளிடமிருந்து திரும்பி வந்த மருந்தையும் இலவச மாதிரிகளையும் அனுப்பாதே, போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும், கேட்காததை அனுப்பாதே. வீட்டு அலமாரியில் கிடக்கும் மாத்திரையை அலமாரிக்காரர் மருந்துக்கடையில் கேட்டு அப்புறப்படுத்தட்டும்.

டொரண்டோவில் இருக்கும் என் அத்தை மகன் எங்கள் மாணவர் குழுவுக்கு 500 டாலர் அனுப்புகிறேன் என்கிறார். என் வங்கிக் கணக்கிலேயே வாங்கிக்கொள்ளலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத மாணவர், சேலம்

பெயர் வெளியிடாதது புத்திசாலித்தனம். குழுவுக்காக வாங்காதீர்கள். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் 2010-இன்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாத அமைப்பு அயல்நாட்டு நன்கொடை வாங்கக்கூடாது. பதிவு பெற்றவர்களுக்கும் 2020 திருத்தத்துக்குப் பிறகு புது டெல்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கு வழியாகத்தான் வர வேண்டும். அத்தை மகனுக்கு மனம் இருந்தால் அங்கேயே ஒரு நல்ல அமைப்புக்குக் கொடுக்கட்டும்.

யேலிடம் காப்புரிமை இருந்தது. எங்கள் மாவட்டக் கல்லூரியிடம் என்ன இருக்கிறது, டாக்டர் அம்மா? நாங்கள் யாரைக் கேட்பது?
– முதுகலை மாணவி, விருதுநகர்

சென்னை மருத்துவக் கல்லூரியில் 1986 வாக்கில் நிர்மலா என்ற முதுகலை மாணவி இருந்தார். வழிகாட்டி சுனிதி சாலமன். இந்தியாவில் எய்ட்ஸ் ஏது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த நேரம். காப்பகத்தில் இருந்த பெண்களிடம் இரத்த மாதிரி எடுத்து, வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, பிறகு பனிக்கட்டிப் பெட்டியோடு ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோனார், சென்னையில் அந்தச் சோதனை வசதி இல்லாததால். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருந்தது. நாட்டில் அதுவே முதல் கண்டுபிடிப்பு. அந்த மாணவியிடம் என்ன காப்புரிமை இருந்தது?

காசநோயில் இன்னொன்று. வழக்கமான மருந்துக்கு மசியாத காசநோய்க்குத் தரும் பெடாகுயிலின் மருந்தின் காப்புரிமையை நீட்டிக்கும் விண்ணப்பத்தை எதிர்த்து இந்தியக் காப்புரிமை அலுவலகத்தில் மனுப்போட்டவர்களில் மும்பையின் நந்திதா வெங்கடேசனும் தென்னாப்பிரிக்காவின் பூமேசா டிசிலேயும் உண்டு. இருவரும் காசநோயிலிருந்து மீண்டவர்கள், பழைய ஊசி மருந்துகளால் செவித்திறனை இழந்தவர்கள். 2023 மார்ச்சில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

உங்கள் ஊருக்கு வருகிறேன். ஜார்கண்டில் நடந்து 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், காசநோயாளியின் வீட்டாருக்கு மாதாமாதம் அரிசியும் பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்தபோது அவர்களிடையே புதிதாக நோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரிசி, பருப்பு! யார் சாவியும் வேண்டாம். மாவட்டக் காசநோய் அலுவலகத்துக்குப் போய், நன்கொடையாளர்கள் காசநோயாளிகளுக்கு உணவு கொடுத்து உதவும் அரசின் நிக்ஷய் மித்ரா திட்டத்தில் எத்தனை நோயாளிகளுக்கு உணவுப்பை போகிறது, எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். பதில் வராவிட்டால் எழுத்தில் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டணம் பத்து ரூபாய். திருச்சித் தம்பியின் உணவுத் திருவிழாவில் ஒரு தட்டு பஜ்ஜி அதைவிட அதிகம் இருக்கும்.

தம்பி, அந்த 23,400-க்கான வரவு செலவை நோட்டீஸ் போர்டில் ஒட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லையே.