கடலுக்குப் போவதும் கடலில் குடியிருப்பதும்

(வாசகர் கேள்வி – பதில். பதில் சொல்பவர் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர். இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் செவ்வாயைப் பற்றியே இருந்ததால், மற்றவை அடுத்த இதழில்.)

நான் பிளஸ் ஒன் படிக்கிறேன். என் ஆயுளுக்குள் மனிதர்கள் செவ்வாயில் குடியேறிவிடுவார்களா? நான் போக முடியுமா?
– மாணவி, நெல்லிக்குப்பம்

நீ போகக்கூடும் அம்மா. குடியேறுவதுதான் சந்தேகம். இரண்டும் ஒன்றில்லை.

என் அப்பா முதுநகர் துறைமுகத்தில் படகுகளுக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்தவர். தங்குகடலுக்கு, அதாவது பல நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கப் போகிற விசைப்படகு கிளம்புவதைப் பார்த்திருக்கிறாயா? டீசல், ஐஸ், அரிசி, கேன் கேனாகக் குடிதண்ணீர், மாத்திரை எல்லாம் ஏறும். ஐஸ் எத்தனை நாள் தாங்குமோ அத்தனை நாள்தான் கடல். மிஷின் நின்றுபோனால் வயர்லெஸ்ஸில் கூப்பிடுவார்கள். இன்னொரு படகு வந்து கயிறு போட்டு இழுத்துவரும். தலைமுறை தலைமுறையாகக் கடலுக்குப் போகிறவர்களும் குடித்தனத்தைக் கரையில்தான் வைத்திருக்கிறார்கள்.

செவ்வாய்ப் பயணமும் இப்போதைக்குத் தங்குகடல்தான். பூமியும் செவ்வாயும் பயணத்துக்கு வாகாக அமைவது சுமார் 26 மாதத்துக்கு ஒருமுறை. அப்போது கிளம்பினாலும் போய்ச்சேர ஏழிலிருந்து பத்து மாதம் போல ஆகும். 2013 நவம்பர் 5 அன்று ஏவிய நம் மங்கள்யான் 2014 செப்டம்பர் 24 அன்றுதான் செவ்வாயைச் சுற்ற ஆரம்பித்தது. அங்கிருந்து நீ கூப்பிட்டால் குரல் இங்கே வந்துசேர 3 நிமிடமும் ஆகலாம், 22 நிமிடமும் ஆகலாம். கயிறு போட்டு இழுக்கிற படகு வேண்டுமென்றால் அடுத்த 26 மாதம்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அப்புறம் காற்று. பள்ளிக்கூடத்தில் வருஷாவருஷம் ஒரு சோதனை செய்துகாட்டுவேன். டம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேலே கண்ணாடி பெல் ஜாரைக் கவிழ்த்து, விளிம்பில் வாசலின் தடவி, பம்ப்பால் காற்றை உறிஞ்சுவோம். முதலில் டம்ளர் ஓரத்தில் கடுகு மாதிரி குமிழிகள் வரும். பிறகு தளதளவென்று பொங்கும். "சார், கொதிக்குது!" என்று பையன்கள் கத்துவார்கள். ஜாரைத் தூக்கிவிட்டு ஒருவனை விரலை வைக்கச் சொல்வேன். பயந்துகொண்டே வைப்பான். தண்ணீர் சில்லென்றிருக்கும். காற்றழுத்தம் குறைந்தால் சூடில்லாமலே தண்ணீர் கொதித்துவிடும். செவ்வாயில் காற்றழுத்தம் அந்த ஜாருக்குள் இருந்ததைவிடவும் குறைவு, நம்முடையதில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. இருப்பதும் பெரும்பாலும் கரியமில வாயு. அதிலிருந்து ஆக்சிஜன் பிரிக்கிற மாக்ஸி என்ற சின்ன இயந்திரத்தைப் பெர்சிவரன்ஸ் ஊர்தியில் அனுப்பினார்கள். 2021 முதல் 2023 வரை 16 தடவை ஓட்டியதில் மொத்தம் 122 கிராம் கிடைத்தது. ஒரு ஆள் மூன்றரை மணி நேரம் மூச்சுவிடலாம், ஒரு சினிமா பார்க்கிற நேரம். வெறும் சோதனைதான் அது, குறை சொல்லவில்லை. ஆனாலும் ஆரம்பம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்.

செவ்வாயிலும் எங்கள் ஊர் மாதிரி செம்மண்தானாமே. மல்லாட்டை (நிலக்கடலை) போட்டால் வருமா?
– விவசாயி, பண்ருட்டி

நிறம் ஒன்றுதான் ஐயா. இரண்டிலும் சிவப்பு இரும்புத் துருவால் வந்தது. ஆனால் செவ்வாய் மண்ணில் பெர்குளோரேட் என்ற உப்பு இருப்பதை 2008இல் பீனிக்ஸ் விண்கலம் கண்டுபிடித்தது. அது தைராய்டைப் பாதிக்கும். தண்ணீர் விட்டு மண்ணை அலசினால் போகும். அந்தத் தண்ணீருக்கு நிலத்தடிப் பனியை வெட்டி எடுத்து உருக்க வேண்டும்.

மல்லாட்டைச் செடியைப் பிடுங்கும்போது வேரில் சின்னச் சின்ன முடிச்சுகள் பார்த்திருப்பீர்களே, அதற்குள் இருக்கிற பாக்டீரியாதான் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகிறது. செவ்வாயின் அந்த இத்தனூண்டு காற்றில் நைட்ரஜன் 3 சதவீதம்கூட இல்லை. ஆக விதை, பாக்டீரியா, காற்று, கூரை எல்லாம் இங்கிருந்தே போக வேண்டும்.

மண்ணை நன்றாக வளப்படுத்திவிட்டால் போதாதா என்பீர்கள். 1991இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பயோஸ்பியர்-2 என்ற பெரிய கண்ணாடி மாளிகைக்குள் எட்டுப் பேர் போய்ப் பூட்டிக்கொண்டார்கள். உள்ளேயே பயிர் செய்து இரண்டு வருஷம் வாழ்வது திட்டம். வளமான மண் போட்டதுதான் வினை. மண்ணின் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டே போக, 21 சதவீதம் இருந்தது பதினாலரைக்கு இறங்கிவிட்டது. படி ஏறவே மூச்சு வாங்கியது. கடைசியில் வெளியிலிருந்துதான் ஆக்சிஜன் ஏற்றினார்கள்.

செவ்வாய் தோஷம் உள்ளவர்கள் அங்கேயே குடியேறினால் தோஷம் கழிந்துவிடுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

அங்கே பிறக்கிற குழந்தையின் ஜாதகக் கட்டத்தில் செவ்வாய்க்கு இடமில்லை, அது காலடியில் கிடக்கும். வானத்தில் சுற்றுவது பூமி. பூமி தோஷம் என்று ஒன்றைக் கண்டுபிடிக்க நம்மவர்களுக்கு ஒரு தலைமுறை போதும். ஜோசியத்தில் செவ்வாய்தான் பூமிகாரகன், மனை வாங்க வேண்டிக்கொண்டு வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் போகிறவர்கள் உண்டு. செவ்வாயிலேயே மனை தருகிறோம் என்று யாராவது சான்றிதழ் நீட்டினால் மட்டும் வாங்காதீர்கள். 1967 விண்வெளி ஒப்பந்தப்படி எந்த நாடும் வேற்றுக் கோளைச் சொந்தம் கொண்டாட முடியாது. பட்டா கொடுக்க அங்கே ஆளில்லை.

செவ்வாயைவிட வெள்ளிதானே பூமிக்கு நெருங்கி வருகிறது?
– வாசகி, புதுச்சேரி

வருகிறது. தரையில் 460 டிகிரி வெப்பம், நம்மைப்போல் 90 மடங்கு அழுத்தம். 1982இல் இறங்கிய ரஷ்யர்களின் வெனிரா-13 தாக்குப்பிடித்தது 127 நிமிடம்.

உங்கள் ஊருக்கும் வெள்ளிக்கும் ஒரு பழைய கதை உண்டு. சூரியனுக்குக் குறுக்கே வெள்ளி போவதைப் புதுச்சேரியிலிருந்து பார்க்க 1760இல் பிரான்ஸிலிருந்து கப்பல் ஏறினார் லெ ஜான்தி என்ற வானியலாளர். வந்துசேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். 1761இல் ஆடுகிற கப்பலிலிருந்து பார்த்தது, சூரியன் எவ்வளவு தூரம் என்று கணக்கிட உதவவில்லை. அடுத்த வாய்ப்பு எட்டு வருஷம் கழித்து. ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே காத்திருந்து, புதுச்சேரியில் ஆய்வுக்கூடம் கட்டி, 1769 ஜூனில் தொலைநோக்கியோடு உட்கார்ந்தார். அன்று பார்த்து மேகம்! 1771இல் வீடு திரும்பினால், செத்துப்போனார் என்று சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

எப்போதும் தடைகளையே சொல்கிறீர்கள். உங்களுக்கு நம்பிக்கையே கிடையாதா?
– வாசகர், விருத்தாசலம்

இருக்கிறது. அவசரம்தான் இல்லை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை தானே புயல் அடித்தது நினைவிருக்கும். எங்கள் தெருவில் ஒரு மின்கம்பம்கூட நேராக நிற்கவில்லை. கரண்ட் வர 17 நாள் ஆயிற்று. வந்தது யாரால்? வெளி மாவட்டங்களிலிருந்து லாரியில் வந்த லைன்மேன்களால். எங்கள் வாசல் கம்பத்தில் ஏறியவர் தேனிக்காரர். மோர் கொடுத்தோம், "உப்பு கம்மி" என்று சிரித்தார்.

2018இல் செவ்வாய் முழுவதையும் புழுதிப்புயல் மூடியது. சூரிய ஒளியில் ஓடிக்கொண்டிருந்த ஆப்பர்ச்சூனிட்டி ஊர்தி அதோடு பேச்சை நிறுத்திவிட்டது. வெளி மாவட்டம் என்று ஒன்று அங்கே இல்லை. முதல் ஊரில் விளக்கு அணைந்தால் இரண்டாவது ஊரிலிருந்து லைன்மேன் வருகிற காலம் வரட்டும், அன்றைக்கு நானே அதைக் குடியேற்றம் என்பேன். எனக்கு வயது 71, கணக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நெல்லிக்குப்பம் மாணவிக்கு இன்னொன்று. 2027 பிப்ரவரி 19ஐ ஒட்டி செவ்வாய் சூரியனுக்கு நேர் எதிரே வரும். இருட்டியதும் கிழக்கே சிவப்பாகத் தெரியும். என் நாலு அங்குலத் தொலைநோக்கியோடு தேவனாம்பட்டினம் கடற்கரைக்கு வருவேன். வீட்டில் சொல்லிவிட்டு, பெரியவர் யாரையாவது கூட்டிக்கொண்டு வா. ஸ்வெட்டரும் எடுத்துக்கொள், மாசிப் பனி கொஞ்சம் அதிகம்தான்.