தெருவுக்குப் பொதுவா ஒரு உரத்தொட்டி வச்சோம், நாறுது. என்ன செய்ய?

வாசகர் கேள்வி: "அண்ணாச்சி, நாங்க பாளையங்கோட்டை மகாராஜ நகர் பக்கம் இருக்கோம். தெருவுல இருபது வீடு. சித்திரை மாசம் எல்லாரும் காசு போட்டு, காலி மனையில நாலு சிமெண்ட் உறையை அடுக்கி வச்சு, அடுக்களைக் கழிவைக் கொட்ட ஆரம்பிச்சோம். இப்போ ஆடி. ஒரே நாத்தம், புழு. பக்கத்து வீட்டு ஆச்சி சண்டைக்கே வந்துட்டாங்க. நாலு வீடுதான் இன்னும் போடுது. இதுபோக பழைய துணி, ஓடாத மிக்ஸி, உடைஞ்ச சாமான்னு வீட்டுக்கு வீடு குவிஞ்சு கிடக்கு. குப்பையைக் குறைக்கணும்னுதான் ஆரம்பிச்சோம், இதை எப்படிச் சரி பண்ண?"

உங்கள் தெருவில் காலையில் வாசல் தூத்து முடித்ததும் அந்த வேப்பஞ்சருகை என்ன செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் தெரியும்: வாரியலால் ஓரமாகக் கூட்டி, குவித்து, தீ வைத்துவிடுவீர்கள். பாளையங்கோட்டையில் பாதித் தெருக்களில் காலை ஏழு மணிக்கு அந்தப் புகைதான். தொட்டிக்குள் போய்ச் சேர வேண்டிய பாதிப் பொருளை வெளியே எரித்துவிட்டு, மீதிப் பாதியை மட்டும் உள்ளே கொட்டுகிறீர்கள். நாற்றத்துக்கு முக்கால்வாசிக் காரணம் அதுதான்.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இது புரிந்துவிட்டால் அப்புறம் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. காய்கறித் தோல், மிச்சச் சோறு, பழத்தோல் இதெல்லாம் பெரும்பாலும் தண்ணீர், கூடவே நைட்ரஜன் அதிகம். மக்க வைக்கிற நுண்ணுயிரிகளுக்கு கார்பனும் நைட்ரஜனும் ஏறக்குறைய 25 முதல் 30 பங்குக்கு ஒரு பங்கு என்ற அளவில் வேண்டும். கார்பன் எங்கே இருக்கிறது? சருகில், வைக்கோலில், மரத்தூளில், தென்னை நாரில். சருகே இல்லாமல் வெறும் ஈரக் கழிவை அமுக்கினால் அது களிமண் மாதிரி இறுகிவிடும், காற்று போகாது. காற்று இல்லாத இடத்தில் வேலை செய்வது வேறு வகை பாக்டீரியா, அது விடுகிற வாயுதான் உங்கள் ஆச்சியைச் சண்டைக்கு இழுத்து வந்தது. மூக்கை வைத்தே கண்டுபிடிக்கலாம்: அழுகிய முட்டை வாடை என்றால் காற்று இல்லை, கண்ணைக் கரிக்கிற அம்மோனியா வாடை என்றால் நைட்ரஜன் கூடிப்போச்சு, இரண்டுக்குமே மருந்து சருகுதான். சரியாக மக்கிக்கொண்டிருக்கிற குவியலில் மழை பெய்த தோட்டத்து மண்வாசம்தான் வரும்.

இரண்டாவது தப்பு அந்த உறை. கிணற்றுக்கும் கழிவறைக் குழிக்கும் இறக்குகிற சாமான் அது, பக்கவாட்டில் ஒரு ஓட்டை கிடையாது. அதை உடைத்துப் போடச் சொல்லவில்லை, மழைத்தண்ணீர் சேமிக்கிற குழிக்கு உதவும். உரத்துக்குச் செங்கல்லை இடைவெளி விட்டுச் சாந்து பூசாமல் அடுக்குங்கள், மூன்று அடி நீளம், மூன்று அடி அகலம், மூன்று அடி உயரம். செங்கல்லுக்குக் காசு இல்லை என்றால் கம்பி வலையை வட்டமாகச் சுருட்டிக் கட்டினாலே போதும். இந்த அளவுக்குக் குறைந்தால் குவியலுக்குள் சூடு பிடிக்காது. நன்றாக ஓடுகிற குவியலின் நடுவில் 55 டிகிரிக்கு மேல் சூடு ஏறும், களை விதையும் கெட்ட கிருமியும் அதில்தான் சாகும். இந்த மாதிரி மூன்று தொட்டி வேண்டும்: ஒன்று நிரம்பிக்கொண்டிருக்கும், ஒன்று மக்கிக்கொண்டிருக்கும், ஒன்றிலிருந்து அள்ளிக்கொண்டிருப்பீர்கள். நாலு பேர் இருக்கிற வீட்டில் தினம் முக்கால் கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை ஈரக் கழிவு வரும், பத்துப் பன்னிரண்டு வீடு போட்டாலும் ஒரு தொட்டி நிரம்பச் சில வாரம் ஆகும், போடப் போட அது அமுங்கிக்கொண்டே வரும்.

இப்போது உறைக்குள் இருப்பதை என்ன செய்ய? ஒரு நாள் அதிகாலையில், ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் வெளியே வாரிப் போட்டு, அதைப்போல் இரண்டு மடங்கு சருகோடு புரட்டிப் புதுத் தொட்டியில் ஏற்றுங்கள். கிடைத்தால் இரண்டு கூடை சாணி, இல்லையென்றால் புளித்த மோரைத் தண்ணீரில் கலந்து தெளித்தால் போதும். கடையில் விற்கிற தூள் எதுவும் அவசியமில்லை. நாற்றம் ஓரிரு நாளில் அடங்கிவிடும்.

தினசரி வேலை ரொம்பச் சின்னது. ஒரு வாளி கழிவு கொட்டினால் அதன்மேல் இரண்டு வாளி சருகு, கழிவு கண்ணில் படாத அளவுக்கு. வாரம் ஒருதடவை ஒரு கம்பியை விட்டுக் கிளறிவிடணும். ஒரு பிடி எடுத்துக் கையால் பிழிந்து பாருங்கள்: ஒன்றிரண்டு சொட்டு வந்தால் ஈரம் சரி, ஒழுகினால் சருகு சேருங்கள், உதிர்ந்துபோனால் அரிசி கழுவின தண்ணீரைத் தெளியுங்கள். அக்கினி நட்சத்திரத்தில் நம்ம ஊர் வெயிலுக்குத் தினமும்கூடத் தெளிக்க வேண்டி வரும். வேப்பிலை மக்காது, கசப்பு, புழுவைக் கொன்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள். காய்ந்த வேப்பஞ்சருகு சின்ன இலை, சீக்கிரமே மக்கும். நாட்டு வாதாம் இலைதான் பெரிசு, அதை மிதித்து நொறுக்கிப் போடுங்கள்.

புழு விஷயத்தில் பயப்பட வேண்டாம். கொழுத்த, தட்டையான, பழுப்பு நிறப் புழுவாக இருந்தால் அது கருப்புப் படைவீரன் ஈ என்கிற ஒன்றின் புழு. வீட்டு ஈ மாதிரி அது சாப்பாட்டில் வந்து உட்காராது, கழிவை வேகமாகத் தின்று தீர்க்கும். பார்க்க அருவருப்பு, அவ்வளவுதான். சருகால் மூடினால் கண்ணில் படாது. வெள்ளையாக மெலிந்து நெளிகிற புழு நிறைய என்றால் வீட்டு ஈ முட்டையிட்டிருக்கிறது, மூடாமல் விட்டதற்கு அடையாளம்.

மீன் கழிவு? ஞாயிற்றுக்கிழமை நம்ம பக்கம் மீன் வாங்காத வீடு குறைவு. அதைப் பொதுத்தொட்டியில் போட்டால் நாய் வந்து எல்லாவற்றையும் கிளறும், மறுபடியும் சண்டை. வீட்டில் ஒரு தென்னையோ வாழையோ இருந்தால் ஒன்றரை அடி தோண்டிப் புதையுங்கள். எலும்பு, மாங்கொட்டை, சிரட்டை மூன்றும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும், போட வேண்டாம்.

இந்தத் தொட்டிக்கு முன்னாடியே ஒரு வழி இருக்கிறது, அதை விட்டுவிட்டோம். பக்கத்தில் மாடு வைத்திருக்கிறவர் யாராவது இருந்தால், காய்கறித் தோலும் கழனித் தண்ணீரும் அவருக்குக் கொடுங்கள். பாலிதீன் ஒரு துண்டுகூடக் கலக்கக் கூடாது, மாட்டின் வயிற்றில் அது அப்படியே தங்கிவிடும்.

யார் பார்த்துக்கொள்வது? இருபது வீடும் முறை வைத்துச் செய்வது என்று எழுதி ஒட்டினால் மூன்றாவது வாரத்தில் நின்றுவிடும். அப்படி நின்றுபோன தெருக்கள்தான் அதிகம். தெருவில் செடி வளர்க்கிற பைத்தியம் பிடித்தவர்கள் இரண்டு பேர் இருப்பார்கள், அவர்களிடம் பொறுப்பைக் கொடுங்கள், உரத்தில் பாதி அவர்களுக்கு. அவர்களுக்கு உரம் வேண்டும், அதனால் விட மாட்டார்கள். மற்றவர்கள் செய்ய வேண்டியது பிரித்துக் கொண்டுவந்து கொட்டுவது, சருகை எரிக்காமல் சாக்கில் கட்டி வைப்பது, இவ்வளவுதான். தெருவில் குப்பையைக் கொளுத்தக் கூடாது என்று திடக்கழிவு விதிகளிலேயே இருக்கிறது, ஆனால் சட்டத்தைச் சொல்லி யாரும் நிறுத்தப் போவதில்லை, சாக்கில் கட்டின சருகுக்குத் தேவை வந்தால் தானாக நிற்கும்.

அடுத்தது ஓடாத சாமான். பாதிச் சாமான் கெட்டே போயிருக்காது. மிக்ஸி திடீரென்று நின்றால் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், அதிக பாரத்தால் வெளியே தள்ளியிருக்கும், சூடு ஆறினதும் அழுத்தினால் ஓடும். தீப்பொறி பறந்து கருகல் வாடை வந்தால் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும். சீலிங் ஃபேன் மெதுவாகச் சுத்தினால் மோட்டாரைக் குறை சொல்லாதீர்கள், கெப்பாசிட்டர் போயிருக்கும், வழக்கமாக 2.5 மைக்ரோஃபாரட் அளவு, மோட்டாரோடு ஒப்பிட்டால் விலை சொற்பம். குக்கரில் ஆவி போனால் காஸ்கெட் மாற்றிப் பாருங்கள். மின்சாரச் சாமானை நீங்களே திறக்கச் சொல்லவில்லை, குறிப்பாக மைக்ரோவேவ் பக்கம் போகவே வேண்டாம், பிளக்கைப் பிடுங்கின பிறகும் உள்ளே உயிரை வாங்குகிற அளவுக்கு மின்சாரம் தேங்கியிருக்கும்.

ஒரு மிக்ஸிக்காக மட்டும் ரிப்பேர்காரர் வீடு தேடி வர மாட்டார், நியாயம்தான், அவருக்குக் கட்டாது. மாதம் ஒரு ஞாயிறு பத்து வீட்டுச் சாமானையும் ஒரு வராந்தாவில் சேர்த்து வைத்துக் கூப்பிட்டால் வருவார். செருப்பு தைக்கிறவர், குடை ரிப்பேர்காரர், பழைய சேலையைப் பையாகத் தைக்கிற அக்கா எல்லாரையும் அதே நாளில் வரச் சொல்லலாம். கூலி பேசிக் கொடுங்கள், சேவை என்று சொல்லி இலவசமாக வேலை வாங்காதீர்கள், இரண்டாவது மாதம் யாரும் வர மாட்டார்கள். துளைபோடும் மெஷின், நீள ஏணி, தேங்காய் உரிக்கிற கம்பி மாதிரி வருஷத்துக்கு நாலு தடவை தேவைப்படுகிறதை வீட்டுக்கு வீடு வாங்குவானேன், யாரிடம் என்ன இருக்கிறது என்று ஒரு நோட்டில் எழுதி வைத்தால் போதும்.

பொதுப் பாத்திரம் என்பது நமக்குப் புதுசே இல்லை. கோயில் கொடைக்குச் சமைக்கிற அண்டா, சருவம், உருளியெல்லாம் ஊருக்குப் பொதுவாகத்தானே இருந்தது, இன்னும் பல ஊரில் இருக்கிறது. கெட்டுப்போனது பரிமாறுகிற இடத்தில், பேப்பர் தட்டும் பேப்பர் டம்ளரும் வந்ததிலிருந்து. பேப்பர் டம்ளருக்குள் பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது, அது மக்காது, பழைய பேப்பர்காரரும் எடுக்க மாட்டார். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 பொருள்களில் பிளாஸ்டிக் பூசிய அந்த டம்ளரும் தட்டும் உண்டு, கடையில் கிடைக்கத்தான் செய்கிறது. உங்கள் தெருவில் நூறு எவர்சில்வர் டம்ளரும் தட்டும் வாங்கி ஒரு வீட்டில் வைத்தால், பிறந்தநாள், வளைகாப்பு, கொடை எல்லாவற்றுக்கும் போய்வரும். வாழை இலையில் பந்தி வைத்தால் இன்னும் நல்லது, கிழித்துப் போட்டால் அதுவும் தொட்டிக்குத்தான்.

துணியை மூன்றாகப் பிரியுங்கள். உடுத்துகிற நிலையில் இருப்பதைத் துவைத்து மடித்துத் தேவைப்படுகிறவர்களுக்கு, கிழிந்த பருத்தித் துணியை மெக்கானிக் ஷாப்புக்கு (எண்ணெய் துடைக்கக் கேட்டு வாங்கிக்கொள்வார்கள்), சேலையைப் பைக்கு. பாளையங்கோட்டையில் 2017-ல் அப்போதைய ஆட்சியர் சந்தீப் நந்தூரி காலத்தில் அன்புச் சுவர் வைத்தார்கள், வேண்டாததை வைத்துவிட்டுப் போகலாம், வேண்டியவர் எடுத்துக்கொள்ளலாம். இந்த மாதிரி இடத்தில் கிழிசலையும் அழுக்கையும் கொண்டுபோய் வைப்பது கொடுப்பது ஆகாது. பாபநாசத்தில் குளித்துவிட்டுப் பழைய துணியைத் தாமிரபரணியிலேயே விட்டுவிட்டு வருகிற வழக்கத்தையும் வீட்டுப் பெரியவர்களிடம் பையப் பேசி நிறுத்தப் பாருங்கள்.

பால் கவரின் மூலையைத் தனியாக வெட்டி எறியாமல் ஒட்டியபடி விட்டு வெட்டி, கழுவிக் காயவைத்தால் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள். இன்வெர்ட்டர் பேட்டரியைப் புதுசு வாங்குகிற கடையிலேயே கொடுத்துக் காசு கழியுங்கள். ட்யூப் லைட்டை உடைக்காதீர்கள், உள்ளே பாதரசம். நாப்கின், டயப்பர், மருந்து இதையெல்லாம் தனியாகப் பொதிந்து மாநகராட்சி வண்டியில்தான் கொடுக்க வேண்டும், இதற்கு வேறு குறுக்குவழி கிடையாது. இவ்வளவும் பிரித்தபிறகு ராமையன்பட்டி குப்பைக் கிடங்குக்குப் போகிற உங்கள் பை ரொம்பவே சுருங்கிவிடும்.

ஆடியில் ஆரம்பிப்பதால் ஒரு சிக்கல் இருக்கிறது. வேம்பும் புங்கையும் கொட்டுவது மாசி, பங்குனியில், அப்போது கட்டி வைத்த சாக்குதான் வருஷம் முழுக்க வரணும். இந்த வருஷத்துக்குக் கரும்பு ஜூஸ் கடைச் சக்கையைச் சின்னதாக வெட்டியோ, மரக்கடைத் தூளோ, தென்னை நார்க்கழிவோ வாங்கிச் சமாளியுங்கள். தொட்டியை மேடான இடத்தில் வையுங்கள், 2023 டிசம்பர் வெள்ளத்தில் எந்த மனையில் தண்ணீர் நின்றது என்று உங்களுக்கே தெரியும். ஐப்பசி மழைக்கு முன்னால் மேலே தகரமோ தார்ப்பாயோ போட்டாகணும். தார்ப்பாய் என்றால் தொட்டியைவிட நாலு பக்கமும் ஓரடி கூடுதலாக வாங்குங்கள், பக்கத்தை இழுத்து மூடிக் கட்டிவிடாமல் கம்பு நட்டுக் கூரை மாதிரி தூக்கி நிறுத்துங்கள், மழையிலும் உள்ளே காற்று போகணும்.